இரண்டே மாதம்! – பண்டோரா என்னும் கையடக்கக் கணினியின் வரலாறு



கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களையும் அவற்றின் வெற்றிகளையும் பற்றியே எழுதுகின்றனர். இப்பதிவில் நான் எழுதப்போவது, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து செய்ய முனைந்த ஒரு சிறு கருவியைப் பற்றி. அதன் பெயர் பண்டோரா. உள்ளங்கையில் வைத்து விளையாடலாம். அதே வேளையில் அது முழுமையான ஒரு கணினியும் ஆகும். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதற்கு முன்பதிவு தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துவிடும் என்று நம்பிப் பலர் பணம் கட்டினர். முதல் கருவிகள் அனுப்பப்பட்டதோ 2010ஆம் ஆண்டு மே மாதத்தில். பணம் கட்டியவர்களுள் சிலருக்கு அது கடைசிவரை வந்து சேரவே இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், "சார், பையன் இணையத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், இப்போதே பணம் கட்டினால்தான் கிடைக்குமாம், கட்டலாமா?" என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் கதை நீளமானது. அதைப் பொறுமையாகச் சொல்ல வகுப்பறை வாசல் ஏற்ற இடமன்று.

கதை தென்கொரியாவில் தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பார்க் என்னும் நிறுவனம் ஜிபி32 என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நிண்டெண்டோ நிறுவனத்தின் கருவிகளோடு ஒப்பிட்டால் அது விற்ற எண்ணிக்கை மிகச் சிறிது. இருந்தும் அதற்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. மற்ற நிறுவனங்களின் கருவிகளில், அந்நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற விளையாட்டுகள் மட்டுமே இயங்கும். ஜிபி32 கருவியிலோ எவர் வேண்டுமானாலும் தாமே நிரல் எழுதி இயக்கலாம். கடையில் வாங்கிய விளையாட்டைவிடத் தாம் எழுதிய விளையாட்டை ஆடுவதில் இன்பம் கண்டவர்கள் ஐரோப்பாவெங்கும் இதை வரவழைத்துக்கொண்டனர்.

பின்னர் கேம்பார்க் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்து சென்ற கிளை 2005ஆம் ஆண்டு நவம்பரில் ஜிபி2எக்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. இதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. இரண்டு சாதாரண மின்கலங்களைப் போட்டால் ஓடியது. தாய் நிறுவனம் அறிவித்த எக்ஸ்ஜிபி என்ற கருவியோ வெளிவரவே இல்லை. 2007ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் நொடித்துப் போனது. அறிவிப்பு வேறு, கருவி வேறு என்ற பாடத்தை இந்த வட்டத்தினர் அப்போதே ஒருமுறை படித்திருந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபி2எக்ஸ் நல்ல கருவிதான், குறைகளோடு. முதலில் வந்த வகையின் திசைக்குச்சி பலருக்குப் பிடிக்கவில்லை. விசைப்பலகை இல்லை. கம்பியில்லா இணையம் இல்லை. "இதை நாமே செய்தால் எப்படியிருக்கும்?" என்ற பேச்சு பயனர்களிடையே எழுந்தது. எல்லா வட்டங்களிலும் எழும் பேச்சுத்தான். ஆனால் இங்கே பேசியவர்களுள் சிலர் அக்கருவியை விற்றுப் பழகியவர்கள். பிரிட்டனில் விற்றுவந்த கிரேக் ராத்வெல், ஜெர்மனியில் விற்றுவந்த மைக்கேல் மிரோசெக் ஆகிய இருவரும், மின்சுற்று வடிவமைக்கத் தெரிந்த வேறு சிலரும் சேர்ந்தனர். ஒரு தொழிற்சாலையும் இல்லை, முதலீட்டாளரும் இல்லை. வாடிக்கையாளர்கள் முன்கூட்டித் தரும் பணமே முதல்.

அவர்கள் வகுத்த திட்டத்தைப் படித்தால் இன்றும் வியப்பு வருகிறது. ஏறத்தாழ 14 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட, புத்தகம்போல் திறக்கும் ஒரு பெட்டி. மேல்மூடியில் 4.3 அங்குலத் தொடுதிரை, 800க்கு 480 புள்ளிகள். கீழ்ப்பகுதியில் 43 விசைகள் கொண்ட சிறு விசைப்பலகை. அதன் இருபுறமும் விளையாட்டுக்குரிய பொத்தான்கள், விரல் நுனியால் நகர்த்தும் இரண்டு குமிழ்கள். இரண்டு நினைவட்டைச் செருகுவாய்கள். கம்பியில்லா இணையம், புளூடூத். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஓமாப்3530 செயலி, 600 மெகாஹெர்ட்ஸ் வேகம். 4,000 மில்லியாம்பியர்-மணி மின்கலம். ஒருமுறை மின்னேற்றினால் பத்து மணி நேரம்வரை ஓடவேண்டும் என்பது குறிக்கோள். இயங்குதளம் லினக்ஸ். விலை ஏறக்குறைய 330 அமெரிக்க டாலர். 2008ஆம் ஆண்டில் இத்தனையும் ஒரே கருவியில் வேறு எவரும் தரவில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். பண்டோரா என்பவள் கிரேக்கப் புராணத்தில் வருபவள். அவள் மூடியைத் திறந்ததும் உலகத்துத் துன்பங்கள் எல்லாம் வெளியேற, நம்பிக்கை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டதாம். மூலக்கதையில் அது பெட்டியன்று, ஒரு பெரிய தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் இலத்தீனில் எழுதும்போது அது பெட்டியாகி, இன்றுவரை பெட்டியாகவே வழங்குகிறது. இந்தப் பெயரை வைத்தபோதே நகையாட விரும்பியவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நகையாடியவர்கள் இருந்தார்கள். அவர்களை வீண் பேச்சுக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு வலுவான முன்கதைகள் கைவசம் இருந்தன.

பேண்டம் என்ற பெயரில் ஒரு விளையாட்டுக் கருவி 2003ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வெளியீட்டு நாள் தள்ளித் தள்ளிப்போய், கருவி வரவே இல்லை. மடியில் வைத்துக்கொள்ளும் விசைப்பலகை ஒன்று மட்டும் 2008இல் விற்பனைக்கு வந்தது. கிஸ்மோண்டோ என்ற இன்னொரு கையடக்கக் கருவி 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனில் வெளிவந்தது. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுவனம் கடனில் மூழ்கியது. அதே 2006 பிப்ரவரியில், அந்நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரி ஒருவர் கைவசம் இருந்த ஃபெராரி மகிழுந்து கலிபோர்னியாவின் மலிபு சாலையில் மோதி இரண்டாகப் பிளந்து கிடந்த படத்தை உலகமே பார்த்தது. மென்பொருள் உலகில் டியூக் நியூகெம் ஃபாரெவர் என்ற விளையாட்டு 1997இல் அறிவிக்கப்பட்டது. 2008இல் அது இன்னமும் வந்திருக்கவில்லை. (2011இல் வந்தது. வராமலேயே இருந்திருக்கலாம் என்றனர் பலர்.) இத்தனையும் பார்த்தவர்களிடம், முகம் தெரியாத சிலருக்கு 330 டாலர் அனுப்பிவைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றால் ஐயம் வராமல் என்ன செய்யும்?

சற்றே பின்னோக்கிச் சென்றால் இந்த ஐயத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று தென்படும். 1980களில் பிரிட்டனில் சர் கிளைவ் சின்கிளேர் மலிவு விலைக் கணினிகளை அஞ்சல்வழி விற்றார். பணம் அனுப்பினால் 28 நாள்களில் கணினி வரும் என்பது விளம்பரம். 1982இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்குப் பணம் அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். 1984 ஜனவரி 12ஆம் நாள் கியூஎல் என்ற புதிய கணினி 399 பவுண்டு விலையில் அறிவிக்கப்பட்டது. அதற்கும் அதே 28 நாள் வாக்குறுதி. அப்போது கணினியின் வடிவமைப்பே முழுமையடைந்திருக்கவில்லை. ஏப்ரல் இறுதியில்தான் முதல் சில கணினிகள் வெளியேறின. அவற்றிலும் இயங்குதளம் உள்ளே இடம் போதாமல், ஒரு பகுதி தனிப் பெட்டியாகப் பின்புறம் துருத்திக்கொண்டு நின்றது.

வணிகத்தில் கியூஎல் தோற்றது. ஆனால் பின்லாந்தில் ஓர் இளைஞன் அதை வாங்கினான். அதற்கு வேண்டிய மென்பொருள்கள் கிடைக்காததால் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொண்டான். அவன் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இல் அவன் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். பண்டோராவுக்குள் உயிராக இருந்ததும் அந்த லினக்ஸே. தாமதமாக வந்து தோற்றுப்போன ஒரு கணினியில் பழகிய பிள்ளையின் கைவேலை, கால் நூற்றாண்டு கழித்துத் தாமதத்துக்குப் பெயர்போன இன்னொரு கணினியை இயக்கியது! இத்தகைய பொருத்தங்களை வரலாறு மட்டுமே தரும்.

மீண்டும் 2008க்கு வருவோம். முதல் தொகுதியாக 4,000 கருவிகள் திட்டமிடப்பட்டன. முன்பதிவு தொடங்கிய நாளன்று பணம் கட்ட முண்டியடித்தனர். உடனே முதல் இடறல். கருவியை அனுப்பாமலே இவ்வளவு பணம் அட்டைவழி வருவதைக் கண்ட வங்கி தயங்கியது. கடனட்டையில் கட்டிய தொகைகள் திருப்பித் தரப்பட்டன. வாங்க விரும்பியவர்கள் வங்கி மாற்றுவழி மீண்டும் செலுத்த வேண்டியதாயிற்று. இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடனட்டையில் கட்டும் பணத்தைப் பொருள் வராவிட்டால் திரும்பக் கேட்கலாம். வங்கி மாற்றில் அனுப்பிய பணத்துக்கு அப்பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. வங்கியே அஞ்சிப் பின்வாங்கிய இடத்தில், தனிமனிதர்கள் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் பணம் அனுப்பினார்கள். எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்!

அதன்பின் தாமதம் தொடங்கியது. ஏன் தாமதம் என்பதுதான் இவ்வரலாற்றில் படிக்கத்தக்க பகுதி. மின்சுற்று ஓரளவு விரைவாகவே தயாராயிற்று. அதே ஓமாப்3530 செயலியைக் கொண்ட பீகிள்போர்டு என்ற பயிற்சிப் பலகை 2008ஆம் ஆண்டிலேயே 149 டாலருக்கு விற்பனையில் இருந்ததால், செயலி உண்மையானது, லினக்ஸ் அதில் ஓடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தடுமாற்றம் எல்லாம் நாம் எளிது என்று நினைக்கும் பொருளில் வந்தது. அதாவது பிளாஸ்டிக் பெட்டியில்.

ஒரு பெட்டியைக் கையால் செய்வது எளிது. ஒரே மாதிரியாக 4,000 பெட்டிகள் வேண்டுமென்றால் எஃகில் அச்சு வெட்ட வேண்டும். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி, குளிர்ந்ததும் எடுப்பார்கள். குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கும். தடித்த இடத்தில் அதிகமாகவும் மெலிந்த இடத்தில் குறைவாகவும் சுருங்கும். அதனால் மேற்பரப்பில் குழி விழும், மூடி பொருந்தாது, பொத்தான் சிக்கும். ஒவ்வொரு குறையையும் சரிசெய்ய எஃகு அச்சையே மீண்டும் செதுக்க வேண்டும். செதுக்கி, வார்த்து, ஒரு மாதிரியை அனுப்பி, அதைப் பார்த்து அடுத்த குறையைக் கண்டுபிடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பெரிய நிறுவனம் தன் பொறியாளர்களைத் தொழிற்சாலையிலேயே உட்கார வைக்கும். ஐரோப்பாவில் இருந்துகொண்டு சீனாவிலுள்ள வார்ப்பகத்துக்கு மடல் எழுதிக் காத்திருக்கும் சிறு குழுவுக்கு அந்த வசதி ஏது? போதாக்குறைக்கு, 4,000 என்பது தொழிற்சாலையின் கண்ணுக்கு மிகச் சிறிய எண். பெரிய வாடிக்கையாளர் வந்தால் சிறியவரின் வேலை ஓரத்துக்குப் போய்விடும். பெட்டி தேறியபின் விசைப்பலகை, அதன்பின் விரல் குமிழ்கள் என்று சிக்கல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

ஒவ்வொரு முறையும் "இன்னும் இரண்டு மாதம்" என்பது போன்ற மதிப்பீடு வெளிவந்தது. இரண்டு மாதம் கழிந்தபின் மேலும் இரண்டு மாதம். "இரண்டு மாதம்" என்ற தொடரே காத்திருந்தவர்களிடையே ஒரு பகடிச் சொல்லாகிவிட்டது. எப்போது வரும் என்று புதிதாக ஒருவர் கேட்டால், பழையவர்கள் சிரிக்காமல் அதையே விடையாகச் சொல்வார்களாம்.

ஐயுற்றவர்களை இங்கே இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரு வகையினர், இது மோசடி, கருவி என்று ஒன்று இல்லவே இல்லை என்றனர். இவர்கள் சொன்னது பொய்த்தது. மாதிரிக் கருவிகளும் அவை இயங்கும் காணொளிகளும் அவ்வப்போது காட்டப்பட்டன. நிரலாளர்கள் சிலர் கையில் பலகைகளும் இருந்தன. இரண்டாம் வகையினர், இவர்கள் நேர்மையானவர்கள்தாம், ஆனால் ஒரு பொருளைப் பல்லாயிரமாகச் செய்வது எவ்வளவு கடினம் என்று அறியாதவர்கள் என்றனர். என் கருத்தில் இவர்களின் கணிப்பே துல்லியமானது. நம்பியவர்களோ முதல் வகையினரோடு சண்டையிடுவதிலேயே காலத்தைக் கழித்து, இரண்டாம் வகையினர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேர்மையானவர் என்று ஒருவரைப் பற்றி மெய்ப்பித்துவிட்டால் அவர் வேலையை முடித்துவிடுவார் என்றும் மெய்ப்பித்ததாகப் பலர் எண்ணிவிட்டனர்.

காத்திருந்த காலத்தில் வெளியுலகம் சும்மா இருக்கவில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தது. 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ், பண்டோராவில் இருந்த அதே கார்டெக்ஸ்-ஏ8 வகைச் செயலியோடு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நோக்கியாவின் என்900 வெளிவந்தது. அது லினக்ஸ், விசைப்பலகை, 600 மெகாஹெர்ட்ஸ் ஓமாப்3 செயலி ஆகியவற்றோடு தொலைபேசியாகவும் இருந்தது. 2008இல் கனவாக இருந்த கருவி, 2010இல் கைக்கு வந்தபோது அதன் செயலி தொலைபேசிகளில் சாதாரணமாகிவிட்டது. தாமதத்தின் விலையைப் பணமாக மட்டும் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆயினும் கருவி வந்தபோது, சொன்னவை பெரும்பாலும் அதில் இருந்தன. பொத்தான்கள் நன்றாக இருந்தன. மின்கலம் சொன்னபடி நீண்ட நேரம் உழைத்தது. பழைய கணினிகளின் விளையாட்டுகள் ஓடின. அதிலேயே நிரல் எழுதி, அதிலேயே இயக்கிப் பார்க்கலாம். ஓர் ஆசிரியனாக என்னைக் கவர்வது இதுவே. நம் பிள்ளைகள் கையிலுள்ள கருவிகளில் பெரும்பாலானவை, ஆடத் தெரிந்தால் போதும் என்று சொல்பவை. எப்படிச் செய்தார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு அவற்றில் கதவு இல்லை. பண்டோராவில் அக்கதவு திறந்தே இருந்தது. அதற்காகவே பலர் அவ்வளவு பொறுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் கருவி வந்ததோடு கதை முடியவில்லை. உற்பத்தி மெல்ல நகர்ந்தது. அமெரிக்காவில் செய்யப்பட்ட மின்சுற்றுப் பலகைகளில் பழுதுகள் மிகுந்திருந்தன. 2011 வாக்கில் அவ்வேலை ஜெர்மனிக்கு மாற்றப்பட்டது. 2012இல் 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள புதிய வகை வந்தது. அதைக் கூடுதல் விலைக்கு விற்று, கிடைக்கும் ஆதாயத்தில் பழைய முன்பதிவுக்காரர்களின் கருவிகளைச் செய்து கொடுக்கும் முயற்சியை மிரோசெக் மேற்கொண்டார். அதாவது, முதலில் நம்பியவர்களின் பணம் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்தவர்களின் பணத்தைக் கொண்டுதான் முன்னவர்களின் கடன் அடைபட வேண்டியிருந்தது. பிரிட்டனில் இருந்த நிறுவனம் 2013 வாக்கில் மூடப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுள் கருவியும் இல்லாமல் பணமும் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. ஆளுக்கு 330 டாலர் பெரிய தொகை அன்று என்று சொல்பவர்கள் இருக்கலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்குப் பின் வந்தவர்கள் சிலர் வேறு வழியில் சென்றனர். 2012இல் பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை, 35 டாலர் விலையில் ஒரு பலகையாக மட்டுமே வந்தது. பெட்டி இல்லை, திரை இல்லை, விசைப்பலகை இல்லை. பண்டோராவைக் கவிழ்த்த பொருள்கள் எவையோ அவை எதையும் அவர்கள் தொடவில்லை. அப்போதும் தொழிற்சாலை தவறான இணையச் செருகியைப் பொருத்திவிட, முதல் தொகுதி சில வாரம் தாமதப்பட்டது. 2021 ஜூலையில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை அறிவித்தது. அதுவும் லினக்ஸ்தான். இடம்பிடிக்க 5 டாலர் போதும் என்றார்கள். டிசம்பரில் வரவேண்டியது, இரண்டு மாதம் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். 2022 பிப்ரவரி இறுதியில் அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் என்றால் உண்மையிலேயே இரண்டு மாதம்! பண்டோராவுக்குக் காத்திருந்தவர்கள் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார்களோ!

ஆகவே, "இப்போதே கட்டலாமா, சார்?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பவை இவைதாம்: இப்போது கட்டுவது முழு விலையா, முன்பணமா? கட்டும் வழியில், வராவிட்டால் திரும்பக் கேட்க இடமுண்டா? அந்தப் பணம் பெட்டியில் காத்திருக்குமா, அல்லது அதைக் கொண்டுதான் பொருளையே செய்யப் போகிறார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை "செய்யப் போகிறார்கள்" என்றால், நீங்கள் வாங்குபவர் அல்லர். பங்குப் பத்திரம் இல்லாத முதலீட்டாளர். தெரிந்தே செய்வதென்றால் தாராளமாகச் செய்யலாம்.

மிரோசெக் இதோடு விட்டுவிடவில்லை. பண்டோராவின் வழித்தோன்றலாகப் பைரா என்ற கருவியைத் திட்டமிட்டார். ஐந்து அங்குலத் திரை, அதே புத்தக வடிவம், அதே லினக்ஸ். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் முன்பதிவு தொடங்கியது. பதிந்தவர்களுள் பண்டோராவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் இருந்தனர். முதல் பைரா கருவிகள் அவர்களுக்கு அனுப்பப்பட்டது 2020ஆம் ஆண்டின் இறுதியில்.